கருவாட்டு டப்பாவில் வளர்ந்த காந்தம்

படிகம் வளர்க்கிற தொழிலில் பாதி நாள் காத்திருப்பது, மீதி நாள் வீட்டுக்கு விளக்கம் சொல்வது. ஆய்வு மாணவர்களாக அல்லாடிய எல்லோருக்கும் தெரிந்த துன்பம்தான்.

சுவரேறாத கள்ளன்

2009-இல் நாகர்கோவிலில் ஆய்வு மாணவி நான். கடியப்பட்டணத்தில் கருவாடு விற்கும் என் அம்மா, என் வேலை என்னவென்று கேட்டாள். நான் வளர்க்கும் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு காந்தம். தலை மேலே இருக்கும், அல்லது கீழே, நடுவில் சுவர். கடுங்குளிரில் ஏறிக் குதிக்கத் தெம்பு கிடையாது, ஆனாலும் சுவரை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். கூட இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களும் குட்டிக் காந்தங்கள்தான். அவை ஓயாமல் அலைபாய்வதில் இருபக்கத்து ஆற்றலும் ஒரு கணம் சமமாகும், அப்போது வழி திறக்கும் என்றேன்.

தண்ணீருக்குப் பதில், காந்த வலு குறைந்த கன ஹைட்ரஜன் கொண்ட கனநீரில் படிகத்தை வளர்த்தால் அந்த அலைபாய்ச்சல் குறையும், கடப்பதும் மெதுவாகும். அதைக் காட்டினால்தான் எனக்குப் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருடப் படிப்பும் கடலில் கரைத்த பெருங்காயம். அம்மா யோசித்துவிட்டு, பெற்ற பிள்ளையை 'மக்களே' என்று விளிக்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டாள்: "செவரேறிக் குதிச்சா களவாணி. ஏறாமலே அந்தப் பக்கம் போறவனுக்கு என்ன பேரு மக்களே?"

வழக்கமான ஓட்டைகள்

கரைசலைத் தாளால் மூடி, ஊசியால் ஓட்டை போட்டு, மெல்ல வற்றவிடுவது எங்கள் வழக்கம். கனநீருக்கும் அதையே செய்தேன். வெளியே ஆனி மழை. ஓட்டை வழியே ஈரக்காற்று புகுந்து, கனநீரில் சாதாரண ஹைட்ரஜனைக் கலந்துவிட்டது. பெங்களூரில் அளந்து பார்த்த நண்பர் சேகர் போனில் கேட்டார்: "ஏங்க, இதுல கனநீர் ஊத்துனீங்களா, உங்க ஊர்க் காத்தை ஊத்துனீங்களா?"

நெத்திலி

என் ஆய்வு நெறியாளர் இன்னொரு குப்பி கனநீர் வாங்கித் தந்தார், இதுதான் கடைசி என்று. ஆய்வகத்தில் இருந்த ஈரம் புகாத கண்ணாடிக் கலத்தின் மூடியோ உடைந்து கிடந்தது. நான் வீட்டில் அழுதேன். அம்மா, ரப்பர் வளையம் போட்ட தன் கருவாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து நீட்டினாள். உள்ளே கரைசலையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காவையும் வைத்து மூடினேன். மழை விடும்போது நெறியாளர் திறந்து, மூக்கைச் சுளித்தார்: "படிகமும் வந்திருக்கும்மா, நெத்திலியும் வந்திருக்கு."

சந்தையில்

சேகர் போன் செய்தார். காந்தம் மெதுவாகத்தான் கடக்கிறது, பட்டம் உறுதி. சந்தைக்கு ஓடினேன். அம்மாவின் கூடை அருகே குப்பையில் பூசணம் பிடித்த கருவாடு குவிந்திருந்தது. டப்பா என்னிடம் இருந்த மழைக்காலம் முழுக்கக் கருவாடு ஈரத்தில் கெட்டிருக்கிறது, அவள் அதை என்னிடம் மறைத்திருக்கிறாள். சேகர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தடவினாள்: "அது மெதுவா கடக்கட்டும் மக்களே. டப்பாவ மட்டும் வெரசலா கொண்டுவா."

முனைவர் பட்டம் என் பெயருக்கு முன்னால் நிற்கிறது, அதை வாங்கித் தந்த டப்பா அம்மாவின் அடுக்களையில் நெத்திலியோடு நிற்கிறது.