படகேறிய பென்டிரைவ்

பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட நாளிலிருந்து, அதற்காகச் சொருகிய பென்டிரைவைப் பிடுங்கவே இல்லை. ஒரு நாள் காலை அதைக் காணோம்; லேப்டாப்பும் கறுப்புத் திரையோடு நின்றது. உள்ளே, நான் வடிவமைத்த, அன்றே அச்சுக்குப் போகவேண்டிய கல்யாணப் பத்திரிகைகள்.

தோழி பர்வீனுக்கு போன் போட்டேன். "லினக்ஸைக் கிளப்பி வுடுற பூட்லோடரை ஹார்டு டிஸ்க்ல போடாம பென்டிரைவ்ல போட்டுக்கீற. அது இல்லாம ஆன் ஆவாது. யாராவது அழிச்சிடப் போறாங்க!"

தம்பிதான் பாட்டு ஏற்ற எடுத்திருப்பான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடினேன். அவனுடைய விசைப்படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பென்டிரைவை அழிச்சிட்டியாடா?"

"இனிமேதான்க்கா. இன்னா இப்போ?"

படகிலிருந்தே அதைத் தண்ணீருக்கு மேலாக என்னிடம் வீசினான். இரண்டு கையாலும் பிடித்தேன்.

வீட்டில் சொருகியதும் லேப்டாப் எழுந்தது. பர்வீன் சொல்லச் சொல்ல பூட்லோடரை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினேன்.

இப்போதெல்லாம் லினக்ஸ் போட்டதும் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்க்கிறேன். தம்பிக்குப் பாட்டு, தனி பென்டிரைவில்.