எஸ்தரின் அம்மாவிடம் சொல்லாதது

சேறும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த நாற்றத்தோடுதான் அந்த மழைக்காலத்தில் வேகவதியில் வெள்ளம் வந்தது. வருஷமெல்லாம் முள் மண்டிக் கிடந்த ஆறு கரையைத் தொட்டுவிட்டதென்று பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள்.

நான் பட்டு நெய்கிற வீட்டுப் பெண். என்னோடு ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எஸ்தர், காலனியிலிருந்து வருபவள். அவள் அப்பா கட்டட வேலை செய்தார். "அந்தத் தெருப் பொண்ணுகூட என்னா 'தோஸ்து' உனுக்கு?" என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருப்பாள்.

வெள்ளம் பார்க்கப் போகலாமென்று அன்று இழுத்துக்கொண்டு போனது நான். தென்னேரி ஏரிக்கரையில் பிறந்து நீச்சல் பழகிய எஸ்தர் தரைப்பாலத்துக்கு முன்பே நின்றுவிட்டாள். "வாணாம்டி, தண்ணி ஏறிக்கினே இருக்குது. தண்ணி தெரிஞ்சவன்தான் தண்ணிக்குப் பயப்படணும்னு எங்கப்பா சொல்லுவாரு." நான் சிரித்துவிட்டு இறங்கினேன். பாதிப் பாலத்தில் வெள்ளம் என் காலை வாரிவிட, ஓரத்துக் குத்துக்கல் ஒன்றைக் கட்டிக்கொண்டு அலறினேன். அவள் பையைக் கரையில் போட்டுவிட்டு, கல் கல்லாகப் பிடித்து என்னிடம் வந்து சேர்ந்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் லாரிக் கயிறு ஒன்றை வீசினார்கள். அது அவள் கைக்குத்தான் எட்டியது. அவள் அதை என் இடுப்பில் சுற்றி முடிந்தாள்.

"மொதல்ல இவள இழுங்கண்ணா, இவளுக்கு நீச்சல் தெரியாது!"

"நீ?" என்றேன்.

"வந்துக்கினே இருக்கேன், போடி."

கரையில் விழுந்து நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவளைக் கருவேலம் புதரிலிருந்து எடுத்தார்கள்.

"ஏரிக்கரப் பொண்ணுக்குத் தண்ணி வெளாட்டு; நம்ம பொண்ணையும் இழுத்துக்கினு போயிருக்குது" என்று எங்கள் தெருப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அம்மா என்னிடம், "நீ வாயத் தொறக்காத" என்றாள். மூன்றாம் நாள் எஸ்தரின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "எம்பொண்ணாம்மா உன்ன ஆத்துக்குக் கூப்ட்டா?" என்று கேட்டபோது, என் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் ஆமென்று தலையாட்டினேன்.

இப்போது அந்தத் தரைப்பாலம் இல்லை; உயரமான பாலத்தின் மேல் என் மகளை வண்டியில் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். அவளும் ஏழாவதுக்கு வந்துவிட்ட பிறகு பொறுக்க முடியாமல், போன மாதம் விசாரித்துக்கொண்டு தென்னேரிக்குப் போய், எஸ்தரின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை.

"சாவற வரைக்கும் அவங்கப்பா அவ கல்லறைக்கே போவலம்மா. சொல்லச் சொல்லக் கேக்காம தண்ணில எறங்கிட்டாளேன்னு அவ்ளோ கோவம் அவருக்கு" என்றார். பிறகு, "இத இனிமே அவருகிட்ட யாரு போயிச் சொல்றது?" என்று என்னைத்தான் கேட்டார்.