வேட்டிக்குத் தோதான துப்பாக்கி

பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கொள்ளையர் புகுந்த நாள் முதல் பனியன் கம்பெனி முதலாளி அர்த்தநாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்குத் தள்ளித் தோப்புக்குள் அவரும் மனைவி சுப்பாத்தாளும் மட்டும்தான். லைசென்ஸ் கிடைத்ததும் இருவரும் கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பிஸ்டலைத்தான் புகழ்ந்தார். தட்டையானது, வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பையிலேயே அடங்கிவிடும், ரிவால்வரைவிடக் குண்டும் அதிகம். ஒன்றே ஒன்று, சுடுவதற்கு முன் மறு கையால் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும்.

"ரெண்டு கையுமுங்களா?" அர்த்தநாரி பதறினார். "திருடன் வந்தா நான் எந்திரிச்சு ஓடறப்ப ஒரு கை வேட்டியப் புடிச்சுட்டு இருக்குமுங்களே!"

"அப்ப ரிவால்வர்தானுங்க. ஒத்தக் கை போதும்."

"ஏனுங்க, பேண்ட் போட்டுட்டுப் படுத்தா ஆகாதுங்களா?" என்றார் சுப்பாத்தாள்.

ரிவால்வரே வந்தது. தலையணைக்கடியில் வைக்கப் போனவரைச் சுப்பாத்தாள் தடுத்தார். "கனாக் கண்டு என்னயச் சுட்டுப்போட்டீங்கன்னா?" பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

நாய் குரைக்கும்போதெல்லாம் அர்த்தநாரிதான் எழுந்து நிற்கிறார். ஒரு கை வேட்டியைப் பிடித்திருக்கிறது. மற்றக் கைக்குத்தான் வேலை இல்லை.