டெஸ்ட் வேண்டாம் என்று நான் வாதாடிய வழக்கு

ஜீவனாம்ச வழக்குக்கு வரும் பெண்களிடம் ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்பதில்லை. பிள்ளை யாருடையது என்பதுதான் அது. தாலி கட்டியவனோடு உறவு நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளை அவனுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தன்னுடையது இல்லை என்றால், பிள்ளை உருவான காலத்தில் மனைவியோடு சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். நான் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்?

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த அவளிடமும் கேட்கவில்லை. ரப்பர் பால் வெட்டி முடித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்துக்கு வருவாள். நான்கு வயதில் ஒரு மகள். கல்ஃபில் வேலையிலிருந்த கணவன் ஊர் திரும்பியதும் இருவரையும் விட்டுவிட்டான். ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டோம். வழக்கு முடியும்வரை மாதாமாதம் ஏதாவது தரச் சொல்லி இன்னொரு மனு. பதிலுக்கு அவன் ஒன்று போட்டான்: குழந்தை தன்னுடையது அல்ல, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்க வேண்டும், அதுவரை எதையும் விசாரிக்கக் கூடாது. இழுத்தடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எனக்கு எரிச்சலாக வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவள், "எடுக்கட்டு வக்கீலம்மா. எனக்கு ஒரு பயமும் இல்ல," என்றாள்.

"சும்மா இரு மக்கா. அவன் கேட்டா உடனே நீட்டிரணுமா? நான் பாத்துக்கிடுதேன்," என்று அவள் வாயை அடைத்தேன்.

அவள் புருஷன், மகராசன், எனக்கு வேலையே வைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அப்பன் அதன் இடுப்பில் அரைஞாண் கட்டுவான். வர முடியாததால் இவன் தன் அண்ணனைக் கட்டச் சொல்லி வீடியோ காலில் பார்த்திருக்கிறான். பிரிந்த பிறகு அனுப்பிய வக்கீல் நோட்டீசில், தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்த தங்க அரைஞாணைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருந்தான். நகை மேல் இருந்த ஆசையில் மகள் என்று ஒப்புக்கொண்டதை அவன் யோசிக்கவில்லை. போதாததற்கு, குழந்தை உருவான மாதத்தில் அவன் லீவில் ஊரில் இருந்ததற்கு பாஸ்போர்ட்டில் முத்திரை.

நீதிபதி நோட்டீசை இரண்டு முறை படித்தார். எதிர்த்தரப்பு வக்கீல், குழந்தை தன்னுடையது என்று தன் கட்சிக்காரர் அப்போது நம்பியிருந்தார் என்றார்.

"எப்போதிலிருந்து நம்பவில்லை?" என்று நீதிபதி கேட்டார்.

டெஸ்ட் மனு தள்ளுபடியானது. அன்றைக்கே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் உத்தரவு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

வராந்தாவில் அவளைப் பிடித்து, "ஜெயிச்சாச்சு," என்றேன்.

"அவருக்க பிள்ளைதான்னு ஜட்ஜய்யா சொன்னாரா?"

"அப்பிடிச் சொல்ல மாட்டாங்க. சட்டப்படி அவன்தான் அப்பன். அது போதும்."

"எங்க ஊருல சட்டத்தையா பேசுவாவ? டெஸ்ட் எடுத்திருந்தா எல்லாருக்க வாயும் அடைஞ்சிருக்கும். நான் எடுக்கட்டும்னுதானே சொன்னேன்? நீங்க ஏன் தடுத்திய? உங்களுக்கும் சந்தேகமா?"

இல்லை என்று சொன்னேன். சொல்வதற்குள் ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.