பன்னிரண்டாவது வளைவில் நின்ற பாட்டு

பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து கீழ்நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. சற்று முன்பு வரை நான் கிளீனராக இருந்த வேன் எனக்கு மேலே எங்கேயோ ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பை விட்டு நடந்ததில் தொடங்கியது அது. செங்கல் சூளை, திருப்பூர்ச் சாயப்பட்டறை, மிளகு எஸ்டேட், லாட்ஜ் என்று எல்லா இடத்திலிருந்தும் இப்படித்தான் ஒரு பையோடு நடந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் படுப்பேன், விடிந்ததும் அடுத்த வேலை. வழக்கமாக ஒரு மைல் நடந்தால் கோபம் இறங்கிவிடும். அன்று ஒவ்வொரு வளைவுக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. நான் இறங்கிவிட்டேன், அக்கா இறங்கவில்லை. அந்த வேனின் முன் இருக்கையில், தன்னைக் கேலி செய்தவர்களுக்கு முதுகைக் காட்டியபடி அவர் உட்கார்ந்தே இருந்தார்.

அக்கா என்பவர் எனக்கு உறவில்லை. ஏற்காட்டில் நான் துணி துவைத்த லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவர். பகலில் சாவி கொடுப்பார். விடுமுறை நாளில் சேலத்திலிருந்து வரும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பங்க் ராக் பாடுவார். லேப்டாப்பில் செய்த தாளத்தின்மேல் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. முதல் ஆல்பத்துக்குத் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் மெஷினின் சத்தத்தைப் பிடித்து, வெட்டி, ஒட்டியது. அதன்மேல் அக்கா, ரூமை நாசம் செய்துவிட்டுப் போகிற விருந்தாளிகளை எல்லாம் பேர் சொல்லாமல் திட்டுவார். பகலெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு இருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜீப் டிரைவர்கள், சமையல்காரர்கள், ரூம் கூட்டுகிறவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் ரசிகர்கள் ஆனார்கள். ஒண்டிக்கடை முனையில் இருக்கும் பேக்கரிக்காரர் அந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டுத்தான் விடியற்காலையில் மாவு பிசைவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அக்காவின் புதுப் பாட்டை யாரும் வீட்டில் உட்கார்ந்து முதலில் கேட்கக் கூடாது. அடிவாரத்தில் டிரைவர் அண்ணனின் வேனில் ஏற வேண்டும். முதல் வளைவில் பாட்டைத் தொடங்கினால் இருபதாவது வளைவில் முடிய வேண்டும். முதல் ஆல்பம் அப்படித்தான் முடிந்தது. அதனால் எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டுகளின் தலைப்பே தெரியாது. 'ஒன்பதாம் வளைவுப் பாட்டு', 'பதினாறாம் வளைவுப் பாட்டு' என்றுதான் சொல்வோம். வளைவில் அண்ணன் அடிக்கிற ஹாரன் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். அதுவும் பாட்டில் இருப்பது என்றே பலர் நம்பினார்கள். அக்கா முன் இருக்கையில் உட்கார வேண்டும், இருபதாவது வளைவு வரை பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம். மேலே போய் இறங்கியதும் ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்வார்கள். பிடித்திருந்தால் அடுத்த கச்சேரிக்கு வேன் வரும், ஆட்கள் வருவார்கள், ஸ்பீக்கரைச் சுமப்பார்கள். அக்காவின் குழுவுக்கு வேறு வண்டி கிடையாது, வேறு ஆளும் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்பு இரண்டாவது ஆல்பம் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கரடியூரில் அதைப் பாடுவதாக இருந்தது. அதற்குள் நான் லாட்ஜை விட்டு அண்ணனிடம் கிளீனராகச் சேர்ந்திருந்தேன். வேனில் கேட்கிற நாள் காலையில் அக்கா என் போனுக்குப் பாட்டுகளை அனுப்பி, "வண்டியில ஏத்தி வெச்சிரு சாமி" என்றார். ஏற்றினேன். வழக்கத்தை மீறி நானும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அடிவாரத்தில் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். முதல் வளைவில் பாட்டைத் தொடங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. வேன் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறியது.

"சவுண்டக் கூட்டுடா" என்றார் அண்ணன்.

"முழுசாத்தானுங்ணா வெச்சிருக்கறேன்."

"ஏனுங்க, பாட்டு ஓடுதுங்களா, இல்ல வண்டி மட்டுந்தான் ஓடுதுங்களா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். வேன் முழுக்கச் சிரிப்பு.

பிறகு அக்காவின் குரல் வந்தது. கத்தவில்லை, பேசுகிற மாதிரி இருந்தது. 'சரிங்க சார்' என்றது குரல். கொஞ்சம் விட்டு மறுபடி 'சரிங்க சார்'. அண்ணன் வளைவுக்கு ஹாரன் அடித்தார். ஹாரன் நின்றபோது குரலும் நின்றிருந்தது.

"சரிங்க சாருக்கு எதுக்குங்க ஒரு பாட்டு? அத நான் காலையில கடை தொறந்ததுல இருந்து சொல்லிட்டுத்தான இருக்கறேன்" என்றார் பேக்கரிக்காரர்.

பின் இருக்கையில் பாலிடெக்னிக் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். "எனக்குப் புடிச்சிருக்குதுங்க. கொஞ்சம் பேசாம வாங்களேன்" என்றாள்.

"உனக்கென்ன கண்ணு, பரிச்சைக்குப் படிக்கையில போட்டுக்குவ. இதக் கேட்டுட்டு நான் பெசைஞ்சா மாவு தூங்கிப்போயிரும். அப்பறம் பன்னு எப்புடி எந்திரிக்கும்?"

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். எட்டாவது வளைவுக்கு மேல் காது அடைத்துக்கொண்டது. மலை ஏறுகிற எல்லோருக்கும் அடைப்பதுதான். அதற்குப் பிறகு யாரும் கேட்கக்கூட முயற்சி செய்யவில்லை. ஏன் இப்படிப் பாடினார் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "தொண்ட போயிருச்சாட்ட இருக்குது." "சினிமாவுல கூப்பிட்டிருப்பாங்க, அதான் அடக்கம்." "மாப்ள பாக்கறாங்களோ என்னமோ." அத்தனையும் அக்கா தலைக்குப் பின்னால் இரண்டு அடி தூரத்தில் நடந்தது. ஆல்பம் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. நேற்றுவரை நம் சார்பில் கத்திய ஒரு பெண் இன்று கத்தவில்லை என்றால், அவள் உடம்பிலோ கல்யாணத்திலோதான் காரணம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இப்படிப் பாட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம் என்று அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? அந்தப் பாலிடெக்னிக் பெண்ணுக்குத் தோன்றியிருக்கலாம். அவள் வாயையும் அடைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாவது வளைவில் அண்ணன் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். பழைய ஆல்பத்தின் பன்னிரண்டாம் வளைவுப் பாட்டைப் போட்டார். பல்பர் மெஷின் தடதடத்தது. வேனே எழுந்து நின்று கத்தியது. முன் இருக்கையில் அக்கா. பாட்டிலும் அக்கா. இவர்களுக்கு வேண்டியது பாட்டில் இருந்தவர் மட்டும்தான்.

"ண்ணா, இன்னும் எட்டு வளைவு பாக்கி இருக்குது. புதுசப் போடுங்க" என்றேன்.

"வண்டி என்னுது, ஸ்பீக்கர் என்னுது, காதும் என்னுதுடா."

"அந்தக் காதுதானுங்களே ஒழுங்கா கேக்க மாட்டேங்குது."

பிரேக் அடித்தார். "நொம்பப் பேசற. எறங்கி நட."

இறங்கினேன். அக்கா அப்போதும் வழக்கத்தை மீறவில்லை. கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடியே, "ஏறிக்கோ சாமி, மழ வர்றாப்பல இருக்குது" என்றார். நான் ஏறவில்லை. வேன் போய்விட்டது.

ஒன்பதாவது வளைவுக்கு வந்தபோது தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். குரங்குகள் என் பையைச் சோதித்துப் பார்த்து, தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டன. என் போனில் பாட்டுகள் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயர்போனில் ஒரு காது மட்டும் வேலை செய்யும். அதை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து போட்டேன். சாலையில் வண்டி எதுவும் இல்லை.

தொடக்கத்தில் ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். அதன்மேல் ஒரு தாளம். டப். கொஞ்சம் இடைவெளி. டப். எனக்குத் தெரிந்த சத்தம் அது. ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரே உதறாக உதறினால் வருவது. லாட்ஜ் மொட்டை மாடியில் தினமும் நாற்பது விரிப்பு உதறியிருக்கிறேன். மூடுபனியில் எதுவும் காயாது, மறுபடி மறுபடி உதற வேண்டும். ஒருநாள் அக்கா மேலே வந்து போனை நீட்டிக்கொண்டு நின்றார். "என்னுங்கக்கா பண்றீங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சாமி, நீ ஒதறு" என்றார். நான் மறந்துவிட்டிருந்தேன்.

அந்தத் தாளத்தின்மேல்தான் 'சரிங்க சார்' வந்தது. ரிசப்ஷனில் நின்று அவர் எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன அதே பணிவுக் குரல். பாட்டு முழுக்க அந்த இரண்டு வார்த்தைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் முனகல் கொஞ்சம் உயர்ந்தது, குரல் உயரவே இல்லை. கடைசியில் அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது. அதற்கு நடுவில் அந்தக் குரல் அதே புன்னகையோடு 'சரிங்க சார்' என்றது. முதல் ஆல்பத்தில் நாங்கள் சொல்ல விரும்பியதைக் கத்தினார். இதில் நாங்கள் உண்மையில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்க வைத்தார். அந்த வேனில் இருந்த ஒவ்வொருவரும், அண்ணன் உட்பட, வயிற்றுக்காக நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. அதைத்தான் ஹாரன் அடித்து அமுக்கினோம்.

சுவரிலிருந்து எழுந்தபோது என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்காமலேயே அவர்கள் திட்டினார்கள். கேட்காமலேயே நான் அக்காவுக்காகச் சண்டை போட்டேன். பாட்டுக்கு இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. அதைவிட, இறங்கி நடந்ததை ஏதோ தைரியம் என்று ஒன்பதாவது வளைவுவரை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இறங்கி நடப்பது. அதில் என்ன பெரிய தைரியம்? உட்கார்ந்திருந்தது அவர்.

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும் போன் செய்தேன்.

"இருவதாவது வளைவு வரைக்கும் ஒக்காந்துதான் போனேன்" என்றார் அக்கா. "எல்லாரும் பழசப் பாடிட்டு வந்தாங்க. நல்லாத்தான் பாடறாங்க."

"ஞாயித்துக்கெழம?"

"பழசப் பாடுனா வண்டி வருமாம். புதுசுன்னா வராதாம்."

"நீங்க என்னுங்க சொன்னீங்க?"

"சரிங்கன்னு சொன்னேன். புதுசுதான் பாடப்போறேன்." "ஸ்பீக்கரத்தான் எப்புடி கொண்டுபோறதுன்னு தெரில."

அந்தப் பாட்டைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'ஒதறுன சத்தம் கேட்டனுங்க' என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். நான் அன்று ஒரு கடை வாசலில் படுத்துக்கொண்டேன்.

இன்று அந்த ஆல்பத்தை மெச்சாத ஆள் ஏற்காட்டில் கிடையாது. முதல் நாளிலிருந்தே பிடிக்கும் என்று பேக்கரிக்காரரே என்னிடம் சத்தியம் செய்கிறார். அவரோடு சண்டைக்குப் போகும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் நான் வேனை விட்டு இறங்கிய மறுநாள் காலையில் இவர்கள் யாரும் இல்லை என்பதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று விடிந்ததும் அடிவாரத்தில் சாணி எரு ஏற்றிக்கொண்டு நின்ற டெம்போவின் பக்கம் போனேன். கீழேயிருந்து எஸ்டேட்டுகளுக்கு எரு கொண்டுபோகிற வண்டி. மூட்டை இறக்க ஆள் இல்லாமல் அதன் சொந்தக்காரர் சலித்துக்கொண்டிருந்தார். என்னையும் என் பையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடிப்போற ஆளாட்ட தெரியுதே. எத்தன நாளைக்கு நிப்ப?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் கரடியூருக்கு ஒரு நட வண்டி வேணுமுங்க. அதுவரைக்கும் கூலி வேண்டாம். அதுக்கப்பறமும் நிக்கறனுங்க."

"கரடியூருக்கு என்னத்த ஏத்தற?"

"ஸ்பீக்கருங்க."

"வண்டி பூராச் சாணி நாத்தமா இருக்கும்."

"பரவால்லீங்க, கழுவி உட்டர்றேன்."

 அவர் முதல் மூட்டையின் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினார். நான் பையை வண்டிக்குள் வைத்துவிட்டு முதுகைக் கொடுத்தேன்.