இடது கைக்கு வந்த பெயர்

என் கணவரின் இடதுகைப் பழக்கம் சிறுவயதிலேயே போய்விட்டது என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். வலக் கையால் எழுதினார், வலக் கையால் சாப்பிட்டார். அதற்காகப் பாடுபட்டவர் என் மாமியார். மகன் பள்ளியில் சேர்ந்த வருஷம் முழுவதும், வீட்டுக்கு வந்ததும் அவனுடைய இடக் கையைப் பழைய வேட்டித் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாராம். அப்படிச் செய்ததால்தான் பையன் இஞ்சினியரானான் என்பது அவர் எண்ணம்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் மான்ட்ரியலுக்கு வந்து, வில்லரே பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஒரு மாலை தொலைபேசியில் யாரோ, “லெஃப்டி இருக்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே மறுபடியும் மணி அடித்தது. முகத்தைத் துடைத்தபடி வந்த என் கணவர், சற்று வெட்கத்தோடு, “எனக்குத்தான்” என்றார்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் வியாழக்கிழமைகளில் பௌலிங் ஆடப் போவார்கள்; கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். இவர் போன முதல் நாள், பந்தை வலக் கையால் உருட்டியிருக்கிறார். அது பாதியிலேயே ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. அடுத்ததை யோசிக்காமல் இடக் கையில் எடுத்தார்; கட்டைகள் அத்தனையும் சரிந்தன. அன்றே பெயர் வைத்துவிட்டார்கள், லெஃப்டி, இடதுகைக்காரன் என்று.

எனக்குக் கோபம் வந்தது. உடம்பில் உள்ள ஒன்றைச் சொல்லி ஒருவரைக் கூப்பிடுவது, நான் வளர்ந்த இடத்தில், முதுகுக்குப் பின்னால் செய்யும் ஏளனம்.

“உங்க பேரைச் சொல்ல வரலைன்னா கத்துக்கட்டுமே.”

“பேரெல்லாம் நல்லாச் சொல்ல வருது அவங்களுக்கு. எல்லாருக்குமே ஒண்ணு வெச்சிருக்காங்க. எனக்கு வைக்கலைன்னாதான் நான் வருத்தப்படணும்.”

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. இந்த ஊரில் பட்டப்பெயரைக் கேட்டு வாங்க முடியாது. அது கிடைக்காதவரிடம் எல்லோரும் மிகுந்த மரியாதையாகப் பேசுவார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு மேஜையில் அவருக்கென்று நாற்காலி இழுத்துப் போட மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், புறநகரான கர்க்லாண்டில் வீடு வாங்கிய பிறகு, மாமியார் எங்களோடு சில மாதங்கள் இருக்க வந்தார். விமான நிலையத்துக்குப் புறப்படும்போது என் கணவர் சொன்னார்: “அம்மா இங்க இருக்கிற வரைக்கும் அந்தப் பேர் வீட்டுக்குள்ள வர வேண்டாம். திட்டுவாங்கன்னு இல்ல. கட்டிவெச்சது வீண்னு தெரிஞ்சா நொந்துபோயிடுவாங்க.”

பௌலிங் போவதையும் நிறுத்தினார். வியாழக்கிழமை மாலைகளில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அந்த வருஷத்துப் பௌலிங் போட்டியின் கடைசி ஆட்டத்தன்று அழைப்பு மணி ஒலித்தது. வாசலில், தோளெல்லாம் பனியோடு, நிலைப்படிக்குக் குனிந்து நின்றார் அவருடைய அலுவலக நண்பர். “லெஃப்டி! கிளம்பு. நீ இல்லாமல் இன்றைக்கு எங்களால் முடியாது!”

மாமியார் என்னைப் பார்த்தார். “என்னம்மா சொல்லிக் கூப்பிடறாரு?”

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு மனம் வரவில்லை.

“இடதுகைக்காரன்னு, அத்தை.”

“கேலியா?”

“இல்ல அத்தை. வேண்டியவங்களைத்தான் இங்க இப்படிக் கூப்பிடுவாங்க. இவர் உயரத்தைப் பாருங்க, இவருக்கு ஷார்ட்டின்னு பேரு. குள்ளன்!”

மாமியார் அண்ணாந்து பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி மகனிடம் திரும்பினார்.

“அந்தக் கையாலதான் விளையாடறியா?”

“ஆமாம்மா.”

“நல்லா வருதா?”

நான்தான் “ரொம்ப நல்லா” என்றேன். மாமியார் வாசல் அலமாரியிலிருந்து கையுறைகளை எடுத்து, இடதுகை உறையைப் பிரித்துப் பிடித்தார். என் கணவர் கையை நீட்டினார். விரல் விரலாக இழுத்து மாட்டிவிட்டு, “குளிர்ல வந்தவரைக் காக்க வைக்காதே, போய்ட்டு வா” என்றார்.

கார் போனபின் மாமியார் வெகுநேரம் ஜன்னலருகிலேயே நின்றார். “கட்டினப்ப ஒருநாள்கூட அழலை அவன்,” என்றார். “விரலை மட்டும் ஆட்டிக்கிட்டே இருப்பான்.” நான் காபி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் நின்றேன்.

அன்று அவர்கள் தோற்றுப்போனார்கள். ஆனாலும் என் கணவர் சீட்டியடித்தபடி வீட்டுக்குள் வந்தார்.

மாமியார் ஊர் திரும்பிச் சில வருஷங்களில் காலமானார். ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், கடைசியாக, ஷார்ட்டியும். கர்க்லாண்ட் வீட்டில் என் கணவரும் நானும் இருக்கிறோம். லெஃப்டி என்று அவரைக் கூப்பிட இப்போது இருப்பது நான்தான்.