தெருவில் கிடந்த மீசை

குருநகரில் பிரியந்தினியின் கடைக்குப் போட்டோக் கொப்பி எடுக்கப் போகிறவர்கள் வேலை முடிந்தாலும் உடனே வெளிக்கிடமாட்டார்கள். வாசலில் கிடக்கும் மரவாங்கில் குந்தி, பேனையின் பின்பக்கத்தைக் கடித்தபடி, ஒரு கடுதாசியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் அடிக்கடி நின்ற அந்த வருசத்தில் தொடங்கிய பழக்கம் அது. பாதிக் கொப்பியில் மிசின் செத்துப்போகும், ஆட்கள் அந்தரப்படுவார்கள். ஒருநாள் லூர்த்தம்மா என்ற மனுசி, "இன்னும் எவ்வளவு நேரமடி பிள்ளை?" என்று எரிந்து விழ, பிரியந்தினி பழுதாய்ப்போன ஒரு கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்தில் ஐந்து கட்டம் கீறினாள். அதற்கு மேலே கோயில் மணி ஒன்று. பக்கத்தில் குருவிக்கூடு ஒன்று.

"கரண்ட் வருமட்டும் இதைக் கண்டுபிடியுங்கோ அன்ரி."

லூர்த்தம்மா முதலில் மூஞ்சையை நீட்டினாள். பிறகு கடுதாசியைக் கிட்டப் பிடித்தாள். "மணி... கூடு..." என்றவள் திடீரென்று சுவரில் நேரம் காட்டுகிறதைப் பார்த்து, தொடையில் தட்டிச் சிரித்தாள். "அட, மணிக்கூடு!"

விடை விழுந்த நேரம் அந்த முகம் விரிந்த விதம் பிரியந்தினிக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்திலும் அவள் இப்படித்தான். ரீச்சர் பாடம் நடத்த, இவள் சொற்களைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் மாங்காயை வைத்தால் கத்தரிக்காய். சங்குக்குப் பக்கத்தில் ஆனை நின்றால் சங்கானை ஊர். கல்யாண அழைப்பிதழில் இருந்து 'திரு'வை வெட்டி, ஒரு கையோடு ஒட்டினால் திருக்கை மீன். இப்போது அதையெல்லாம் கட்டங்களில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக ஒரு முழுப்பக்கக் குறுக்கெழுத்தாக்கினாள். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை புதுசு ஒன்று கடை வாசலில் தொங்கியது.

அவளுடைய மனுசன் சுபாஸ் கடலுக்குப் போகிறவர். அவரும் உதவி செய்யப் பார்த்தார்.

"பிரியா, ஒரு நண்டைக் கீறும். விடை நண்டு."

"அதிலை புதிர் எங்கையப்பா?"

"நீர் கீறுற நண்டை நண்டெண்டு கண்டுபிடிக்கிறதுதான் புதிர்."

அவள் பேனை மூடியால் எறிந்தாள்.

வில்லங்கம் மீசாலை என்ற ஊர்ப்பேரில் வந்தது. மூன்று கட்டம். ஒரு மீசையைக் கீறி, அதற்குக் கீழே நீளமாய் ஒரு சாலை கீறினாள். மீசையின் 'சை'யை விட்டுச் சாலையை ஒட்டினால் ஊர்ப்பெயர் வந்துவிடும். ஆனால் மீசையைக் கீறத் தொடங்கினதும் கை தன்பாட்டில் ஓடிவிட்டது. நடுவில் அடர்த்தி, இரண்டு பக்கமும் மேலே ஏறி, நுனியில் ஒரு சுருள். குருநகரில் அப்படி மீசை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான்: சூசைதாசன். நாட்டுக்கூத்தில் எப்போதும் ராசா வேசம் அவருக்குத்தான். மற்றவர்கள் மீசை ஒட்ட, அவர் சொந்த மீசையோடு மேடை ஏறுவார்.

மத்தியானத்துக்கு முதலே யாரோ அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மீன் சந்தையில் சிரிப்பு. பின்னேரம் சூசைதாசனே கடைக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, என்ரை மீசையை ஏன் தெருவிலை போட்டனீ?"

பிரியந்தினி மிசினை விட்டு எழும்பினாள். "ஐயோ, சூசையண்ணை, தெருவிலை போடேல்லை. அது ஒரு ஊர்ப்பேர்—"

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கினம். என்னெண்டு கேட்டால் ஒருத்தரும் சொல்லுகினமில்லை." அவருடைய குரல் இறங்கியது. "எனக்கெண்டால் உது விளங்கவுமில்லை."

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. மீசையைக் கீறியதில் அவருக்குக் கோபமில்லை. ஊரே சிரிக்கிற பகிடிக்குள் தனக்கு மட்டும் இடமில்லை என்பதுதான் மனுசனுக்குச் சுட்டிருந்தது.

"சொல்லட்டே அண்ணை?"

"சொல்லாதை!"

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மீசைத்தெரு என்றார், கட்டம் போதாது. மீசைரோட்டு என்றார், அப்படி ஓர் ஊர் இல்லை. கொப்பி எடுக்க வந்த ஒருவர், "மாம்பழத்துக்குப் பேர்போன இடமண்ணை" என்று வாயைத் திறக்க, "பொத்து வாயை!" என்று ராசாக் குரலில் அதட்டினார். பிரியந்தினி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அது ஆறிப்போயிற்று.

கடை பூட்டுகிற நேரம். அவள் யன்னலைச் சாத்தும்போது பின்னால் ஒரு முழக்கம்.

"மீ...சா...லை! சாலை! தெருவில்லை, சாலை! எடி பிள்ளை, ஆர் இஞ்சை சாலையெண்டு கதைக்கினம்?"

அவர் சிரித்த சிரிப்பில் மீசை இரண்டு பக்கமும் துள்ளியது. பிரியந்தினியும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பயம் போன சந்தோசமும் அதற்குள் இருந்தது.

அதோடு சூசைதாசனைப் புதிர்ப் பிசாசு பிடித்துக்கொண்டது. விடியக்காலையிலேயே கடை வாசலில் நிற்பார். தானே புதிர் கட்டத் தொடங்கினார். முதல் புதிர், முகமாலை என்ற ஊர்.

"என்ரை முகத்தைக் கீறி, மேலை ஒரு மாலை போடு."

"அண்ணை, படத்துக்கு மாலை போட்டால் செத்தவீடெண்டு சனம் வந்திடும்" என்றார் சுபாஸ்.

சூசைதாசன் யோசித்தார். "அப்ப கோப்பாய். கோ எண்டால் ராசா. ராசாவைப் பாயிலை இருத்து."

அது நல்ல புதிர்தான். கோயில் திருநாளுக்கு அதை நடுவில் வைத்து, பெரிய வெள்ளைத் துணியில் படகுக்குப் பூசும் பெயின்றால் ஒரு குறுக்கெழுத்துக் கீறி, மதிலில் கட்டினார்கள். வெயிலையும் பாராமல் சனம் மொய்த்தது. எட்டாத கட்டங்களுக்குச் சின்னதுகளைத் தோளில் தூக்கினார்கள். ஒரு கட்டத்துக்காக இரண்டு குடும்பம் சண்டைக்குப் போய், விடை தெரிந்ததும் ஆளுக்காள் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டது. சனத்துக்கு முன்னால் வாயே திறக்காத பிரியந்தினி, அன்றைக்கு மைக்கைப் பிடித்து, "அந்த 'ல' பிழை, மற்ற 'ள'வைப் போடுங்கோ" என்று கத்திக்கொண்டு நின்றாள்.

திருநாளுக்கு வந்திருந்த தக்சாயினி ரீச்சர் கரவெட்டியில் படிப்பிக்கிறவர். தன் வகுப்புக்கென்று பிரியந்தினியிடம் நாலைந்து தாள் கேட்டு வாங்கிப் போனார். அடுத்த கிழமையே தொலைபேசி எடுத்தார். பிள்ளைகள் எல்லாவற்றையும் நிரப்பி முடித்துவிட்டார்களாம். இப்போது ஒரே கேள்வி: தங்கள் ஊர் ஏன் அதில் இல்லை?

பிரியந்தினி கடுதாசியை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். கரம் என்றால் கை. கரவெட்டிக்குக் கையை வெட்டிக் கீறினால் சின்னதுகள் பயந்துபோகும். வேறு வழி இன்னும் அகப்படவில்லை.